அணியின் பெயர் தெரிகிறது, அது செய்யும் வேலைதான் பிடிபடவில்லை

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: உவமை, உருவகம், முரண், மோனை, வஞ்சப்புகழ்ச்சி என்று அணிகளின் பெயரும் இலக்கணமும் உங்களுக்குத் தெரியும். ஒரு வரியைக் காட்டினால் இன்ன அணி என்று சொல்லிவிடுவீர்கள். ஆனால் "அதனால் என்ன?" என்று யாராவது கேட்டால், "கவிதைக்கு அழகு சேர்க்கிறது" என்பதற்கு மேல் ஒரு சொல் வரமாட்டேன் என்கிறது. கூடவே, நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் கதையிலிருந்து "அப்பாவின் கோபம் எரிமலையாய் வெடித்தது" என்ற வாக்கியத்தைக் கொடுத்து, இது தேறுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எரிமலைக்குக் கடைசியில் வருகிறேன். வரையறை எந்த இலக்கண நூலிலும் கிடைக்கும், அதை நீங்கள் கேட்கவில்லை. ஓர் அணி படிப்பவர் மனத்துக்குள் என்ன செய்கிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்ததை எப்படிச் சொல்வது என்றுதான் கேட்கிறீர்கள்.

நான் பல வருடம் வகுப்பில் இலக்கியம் நடத்தியவன். அப்புறம் பிறர் எழுதியதைச் செப்பனிடும் வேலைக்கு வந்தேன். வகுப்பில் இருந்தவரை "அழகு சேர்க்கிறது" என்று எழுதியவர்களுக்கு நானும் முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். அந்த விடையில் தவறு ஒன்றும் இல்லை. எல்லா அணிக்கும் பொருந்திவிடுகிறது என்பதுதான் சிக்கல். கைப்பிரதியோடு உட்கார்ந்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. பாடநூலில் இருக்கும் வரி அச்சாகி முடிந்தது, அதை யாரும் தொட முடியாது. கைப்பிரதியில் இருக்கும் வரியை மாற்றலாம். உவமையை எடுத்துவிட்டுப் படித்துப் பார்க்கலாம், அதே இடத்தில் வேறொன்றைப் போட்டுப் பார்க்கலாம், சொற்களை இடம் மாற்றிப் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் எது காணாமல் போகிறதோ, அதுதான் அந்த அணி அங்கே செய்துகொண்டிருந்த வேலை. என்னிடம் இருக்கும் கருவி இது ஒன்றுதான்.

முதலில் ஒரு சின்ன சோதனை. மதிமுகம் என்றால் மதி போன்ற முகம், உவமைத்தொகை. முகமதி என்றால் முகமாகிய மதி, உருவகம். சொற்கள் இடம் மாறியதைத் தவிர இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்று தோன்றும். இப்போது வினைச்சொல்லைச் சேருங்கள். "மதிமுகம் வாடியது" என்று தாராளமாக எழுதலாம், வாடுவது முகம்தானே. "முகமதி வாடியது" என்றால் இடிக்கிறது. மதி வாடாது. தேயும், மறையும், மேகத்துக்குள் போகும். உருவகத்தைத் தொட்டுவிட்டால், அடுத்து வரும் சொற்களையெல்லாம் நிலா தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிடுகிறது. உவமை ஒப்பிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். உருவகம் வாக்கியத்துக்குள் குடிவந்துவிடும். தேர்வில் இரண்டையும் வேறுபடுத்தச் சொல்லும்போது "போல" இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறோம். உண்மையான வேறுபாடு அடுத்த வினையில்தான் தெரியும்.

சரி, இதை ஒரு முழுப் பாட்டில் செய்து பார்ப்போம். குறுந்தொகையில் கபிலர் பாடிய 25ஆம் பாட்டு. ஐந்தே அடி. தன்னோடு கூடிய தலைவன் மணம் பேச வராமல் நாளைக் கடத்துகிறான். தலைவி தோழியிடம் சொல்கிறாள்:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

அன்று அங்கே யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு, தினைத்தாள் போன்ற சின்னப் பசிய கால்களோடு ஒரு குருகும் நின்றது, அவன் என்னைக் கூடிய அன்று.

தேர்வு விடை இப்படி இருக்கும்: "தினைத்தாள் அன்ன கால், உவமையணி. உவம உருபு 'அன்ன'. பொதுத்தன்மை சிறுமையும் பசுமையும்." எல்லாம் சரி. உவமை வினை, பயன், மெய், உரு என்ற நான்கின் அடியாகப் பிறக்கும் என்று தொல்காப்பியம் சொல்வதையும் சேர்த்து, இங்கே மெய்யும் உருவும், அதாவது வடிவும் நிறமும், ஒத்திருக்கின்றன என்று எழுதினால் இன்னும் ஒரு மதிப்பெண். இப்போது உவமையைத் தூக்கிவிட்டுப் படியுங்கள்: "ஒழுகுநீர் ஆரல் பார்க்கும் குருகும் உண்டு." செய்தி அப்படியே இருக்கிறது. சாட்சிக்கு ஒரு பறவை, அவ்வளவுதான். போனது என்ன? ஒரு குருகின் கால் எவ்வளவு மெலிது, என்ன நிறம் என்று தெரிய வேண்டுமானால் பக்கத்திலிருந்து, கொஞ்ச நேரம் பார்த்திருக்க வேண்டும். அவ்வளவு நேரமும் அவள் கண் தண்ணீர்மட்டத்தில் தாழ்ந்து நின்றிருக்கிறது. உவமையை எடுத்தால் குருகு போகவில்லை, குனிந்திருந்த அவள் பார்வை போய்விடுகிறது. "முத்தன்ன வெண்சிறைக் குருகு" என்று நானாக ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். ஓசைக்குக் குறைவில்லை. ஆனால் கண் மேலே ஏறி, பறவை அழகாகிவிடுகிறது, அவள் யாரோ ஒரு வேடிக்கை பார்ப்பவள் ஆகிவிடுகிறாள். உவமை பறவையைப் பற்றிச் சொல்வதைவிடப் பார்த்தவளைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. விடைத்தாளில் எழுத வேண்டியது இதைத்தான்.

அதே பாட்டில் "கள்வன்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "தானே தலைவன்" என்று வைத்துப் பாருங்கள். பாட்டு சரிந்துவிடும். கள்வன் என்றதும் களவு வருகிறது, களவு என்றால் சாட்சி வேண்டும், சாட்சி என்றால் பொய்யும் கூடவே வரும். "யாரும் இல்லை" என்பது அந்த ஒரு சொல்லால் "சாட்சி இல்லை" என்று திரும்பிவிடுகிறது. முகமதி விஷயத்தில் சொன்னேனே, அதேதான்: உருவகம் தன் சுற்றத்தைக் கூட்டிக்கொண்டு வருகிறது. அடுத்து "யானெவன் செய்கோ" என்ற கேள்வி. விடை எதிர்பாராத வினா என்று பெயர் வைத்துவிட்டுப் போகலாம். "என்னால் ஒன்றும் செய்ய முடியாது" என்று மாற்றிப் படித்தால் கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. கேள்வியாக இருக்கும்போது கதவு திறந்திருக்கிறது, வெளியே தோழி நிற்கிறாள். அவள்தானே ஏதாவது செய்தாக வேண்டும்?

எனக்கு இந்தப் பாட்டில் மிகவும் பிடித்தது எந்த அணிப் பட்டியலிலும் இல்லாத ஓர் இடைச்சொல், "குருகும்" என்பதில் உள்ள அந்த "உம்". "யாரும் இல்லை" என்று தொடங்கியவள், மூன்று அடி கழித்து "குருகும் உண்டு" என்கிறாள். இல்லை, உண்டு. முரண் என்று அடிக்கோடிடலாம். ஆனால் முரண் என்ன செய்கிறது? சொல்லச் சொல்ல அவளுக்கு நினைவு வருவதுபோல் காட்டுகிறது. யாருமே இல்லை என்றவளுக்குக் கடைசியில் ஒரு சாட்சி அகப்படுகிறது. அந்தச் சாட்சியும் மீனையே பார்த்துக்கொண்டிருந்தது.

இதுவரை சொன்னதை நான் உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் பாட்டில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்ட முடியும். அடுத்தது உறுதி இல்லை. இரைக்காகக் காத்திருக்கும் குருகே தலைவன்தான், ஆரல் மீன் தலைவி என்று உள்ளுறையாக, அதாவது இயற்கைக் காட்சிக்குள் இன்னொரு பொருள் மறைந்திருப்பதாக, வாசிப்பவர்கள் உண்டு. ஈர்க்கும் வாசிப்புதான். ஆனால் பாட்டு குருகைச் சாட்சியின் இடத்தில் நிறுத்தியிருக்கிறது. களவு செய்தவனும் சாட்சியும் ஒருவரே என்றால், கள்வன் என்ற சொல் கட்டிய அமைப்பு தளர்ந்துபோகிறது. இப்படியும் படிக்கலாம் என்று ஒருவர் எழுதினால் மறுக்க மாட்டேன். இதுதான் பொருள் என்று எழுதினால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுவேன்.

ஓசைக்கு வருவோம். எதுகை மோனைக்கு விளைவு எழுதச் சொன்னால் எல்லோரும் "இனிமை" என்று எழுதுகிறார்கள். கம்பன், மாற்றுருவில் இராமன் முன் வரும் சூர்ப்பணகையை நடக்கவிடும் பாட்டைப் பாருங்கள். "பஞ்சியொளிர் விஞ்சுகுளிர் பல்லவம் அனுங்க" என்று தொடங்கி "வஞ்சியென நஞ்சமென வஞ்சமகள் வந்தாள்" என்று முடிகிறது. பஞ்சி, விஞ்சு, கஞ்சம் (தாமரை), வஞ்சி (கொடி) என்று அழகான பொருள்களோடு வந்துகொண்டிருந்த அதே ஓசை, ஒரு சிறு மாற்றமும் இல்லாமல் நஞ்சம், வஞ்சம் என்ற சொற்களுக்குள் போய்விடுகிறது. காதுக்கு வித்தியாசமே தெரியாது, பொருள் மட்டும் தலைகீழாகிவிட்டது. "வஞ்சியென விடமென" என்று மாற்றிப் பாருங்கள், பொருள் கெடவில்லை, ஆனால் காது உஷாராகிவிடுகிறது. உருவத்தைப் பார்த்து ஏமாற வேண்டிய இடத்தில், ஓசையைக் கேட்டு நாமும் ஏமாற வேண்டும். இனிமை என்று எழுதினாலும் இங்கே பொருத்தம்தான், அந்த இனிமை எதற்கு என்று இன்னொரு வாக்கியம் சேர்த்தால்.

ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு வல்லினம் வந்தால் வன்மை, மெல்லினம் வந்தால் மென்மை என்று சூத்திரம் போட்டுவிடாதீர்கள். அது பலர் நம்பும் விஷயம், நானும் நம்பி நடத்தியிருக்கிறேன். "நஞ்சு", "அம்பு" இரண்டும் எவ்வளவு மெத்தென்று ஒலிக்கின்றன பாருங்கள். "தித்திப்பு" என்ற சொல்லில் வல்லினத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒருவரைத் "தட்டிக்கொடுத்து" ஆறுதல் சொல்கிறோம். ஓசைக்குத் தனியாகப் பொருள் கிடையாது. சொல்லின் பொருள் ஒரு பக்கம் போகும்போது அதோடு சேர்ந்து போகலாம், அல்லது மேலே கம்பன் செய்ததுபோல் அதற்கு எதிராகப் போகலாம். எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் விளைவை எழுத வேண்டும்.

சொல்வரிசை பற்றி எழுதும்போது அனுமன் "கண்டனென்" என்று வினையை முன்னால் வைத்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நல்ல எடுத்துக்காட்டுதான், மேடைமேடையாகத் தேய்ந்துவிட்டது. நான் வேறொன்று சொல்கிறேன். 1940 ஜூன் 4 அன்று சர்ச்சில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசிய பேச்சின் முடிவில், அடுத்தடுத்த வாக்கியங்கள் "போரிடுவோம்" என்று பொருள்படும் ஒரே சொற்களில் தொடங்குகின்றன. தமிழில் வினை கடைசியில்தான் உட்காரும். அதனால் "கடற்கரைகளில் போரிடுவோம், வயல்களிலும் தெருக்களிலும் போரிடுவோம், மலைகளில் போரிடுவோம்" என்றுதான் வரும். ஆங்கிலத்தில் முதலில் உறுதி, பிறகு இடம். தமிழில் முதலில் இடம், பிறகு உறுதி. இது சின்ன மாற்றம் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் வாய்விட்டுப் படித்தபோது இடங்களின் வரிசை காதில் விழுந்தது: கடற்கரை, வயல், தெரு, மலை. அது பின்வாங்கிப் போகும் பாதை! போரிடுவோம் என்று அடித்துச் சொல்லும் அதே வாக்கியங்கள், ஒவ்வொரு இடமாக இழந்துகொண்டே போவதையும் சொல்கின்றன. ஆங்கிலத்தில் முன்னால் நிற்கும் உறுதி அதைச் சற்று மறைக்கிறது. தமிழில் இடம் முன்னால் வந்து காட்டிக்கொடுத்துவிடுகிறது, அப்புறம் "போரிடுவோம்" பல்லவிபோல் விழுகிறது. திரும்பத் திரும்ப வரும் சொல்லுக்கு "வலியுறுத்தல்" என்று ஒரே விளைவைத்தான் எழுதுகிறோம். மாறாத சொல்லை விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் மாறிக்கொண்டிருக்கும் சொற்களைப் பாருங்கள். திரும்ப வரும் சொல் அவற்றைக் கவனிக்க வைக்கத்தான் அங்கே நிற்கிறது.

வஞ்சப்புகழ்ச்சி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "தேவர் அனையர் கயவர் அவருந்தாம் மேவன செய்தொழுக லான்." இதை "கயவர் மனம்போன போக்கில் நடப்பார்கள்" என்று மாற்றினால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். குறளில் ஒரு நொடி திகைக்க வேண்டியிருக்கிறது, கயவர் எப்படித் தேவர் ஆனார் என்று. காரணம் வந்ததும் சிரிப்பு வருகிறது. சிரித்தபின்தான் தெரிகிறது, தேவருக்கும் போகிற போக்கில் ஒரு குட்டு விழுந்திருக்கிறது. படிப்பவர் அந்த ஒரு நொடி வேலை செய்தாக வேண்டும், அதுதான் இந்த அணியின் பலமும் ஆபத்தும். அந்த வேலையைச் செய்யாதவர் உண்மையான புகழ்ச்சி என்றே எடுத்துக்கொள்வார். குரலும் முகமும் கூட வராத எழுத்தில் இது தினமும் நடக்கிறது.

இலக்கியத்துக்கு வெளியே இருக்கும் உருவகங்களையும் நீங்கள் பார்க்க வேண்டும், ஏனென்றால் அங்கே அவை யார் கண்ணுக்கும் படாமல் வேலை செய்கின்றன. விலை ஏறுகிறது, மதிப்பு இறங்குகிறது, நேரம் செலவாகிறது. இவை உருவகங்கள் என்ற நினைப்பே நமக்கு இல்லை. மொழியியலாளர் ஜார்ஜ் லேகாஃபும் தத்துவ அறிஞர் மார்க் ஜான்சனும் 1980இல் எழுதிய நூலின் மையமே இதுதான்: உருவகம் பேச்சுக்குப் போடும் நகை இல்லை, நாம் யோசிப்பதே அதை வைத்துத்தான். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1978இல், நோய்கள்மேல் ஏற்றப்படும் உருவகங்கள் நோயாளிக்கு என்ன செய்கின்றன என்று அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொண்டாக் எழுதினார். "புற்றுநோயோடு போராடித் தோற்றார்" என்ற வாக்கியத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். போர் என்று ஆனதும் வெற்றி தோல்வி வந்துவிடுகிறது, தோற்றவர் இன்னும் கொஞ்சம் போராடியிருக்கலாமோ என்ற குற்றச்சாட்டும் பின்னாலேயே வருகிறது. யாரும் அப்படி நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். உருவகம் தானாகக் கொண்டுவந்து சேர்த்தது அது.

இங்கேயும் எல்லை போட வேண்டும். உருவகம் மாறினால் படிப்பவரின் முடிவும் மாறிவிடும் என்று பலர் அடித்துப் பேசுவார்கள். 2011இல் பால் திபோடோ, லேரா போரோடிட்ஸ்கி என்ற உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை வெளியிட்டார்கள். ஒரு நகரத்தின் குற்றங்களைச் சிலருக்கு விலங்கு என்றும் சிலருக்கு வைரஸ் என்றும் சொன்னபோது, விலங்கு என்று படித்தவர்கள் பிடித்து அடைப்பதன் பக்கமும், வைரஸ் என்று படித்தவர்கள் சமூகச் சீர்திருத்தத்தின் பக்கமும் சாய்ந்தார்கள். 2014இல் ஜெரார்ட் ஸ்டீனும் உடன் பணியாற்றியவர்களும் அதே முறையில் செய்து பார்த்தபோது அந்த உருவக விளைவு கிடைக்கவில்லை. ஆக, ஓர் உருவகம் எந்தத் திசையில் இழுக்கிறது என்பதை வாக்கியத்தை வைத்தே சொல்லலாம். உண்மையில் எத்தனை பேர் இழுபட்டார்கள் என்பதை வாக்கியத்தை வைத்துச் சொல்ல முடியாது. நான் செய்யும் மாற்றிப் பார்க்கும் சோதனைக்கும் இதே எல்லைதான். கவிஞர் இதை நினைத்துத்தான் எழுதினார் என்று அது நிரூபிக்காது. கபிலர் தினைத்தாளை எதற்குத் தேர்ந்தார் என்பது கபிலரோடு போயிற்று. ஆகவே "கவிஞர் இவ்வாறு உணர்த்த விரும்புகிறார்" என்று எழுதாமல், "இந்தச் சொல் இவ்வாறு செய்கிறது" என்று எழுதுங்கள்.

இனி உங்கள் எரிமலை. "அப்பாவின் கோபம் எரிமலையாய் வெடித்தது." எடுத்துவிட்டுப் பார்ப்போம்: "அப்பாவுக்குக் கடுங்கோபம் வந்தது." என்ன போயிற்று? அளவு மட்டும்தான் குறைந்தது. எரிமலை கண்ணில் வரவே இல்லை, ஏனென்றால் பல வருடமாக நாம் எல்லோரும் கோபத்தோடு அதைச் சேர்த்தே எழுதிவருகிறோம். உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. எரிமலையைத்தான் வைத்துக்கொள்வேன் என்றால், வெடிப்பை விட்டுவிட்டு அதில் யாரும் தொடாத பகுதிக்குப் போங்கள். எரிமலைக்கு நீண்ட மௌனம் இருக்கிறது, வெடித்தபின் வெகுதூரம் படியும் சாம்பல் இருக்கிறது, அடிவாரத்தில் அது எப்போது வெடிக்கும் என்று தெரியாமலே குடியிருக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள். "மூன்று நாள் கழித்தும் வீட்டில் சாம்பல் படிந்துகொண்டிருந்தது" என்று எழுதினால், எரிமலை என்ற சொல்லே இல்லாமல் எரிமலை வந்துவிடும்.

இரண்டாவது வழி, அணியே வேண்டாம் என்று விடுவது. "அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை." இதில் உவமை இல்லை, உருவகம் இல்லை, நடந்ததை நடந்தபடி சொல்கிறது. ஆனால் இதற்கும் நம் இலக்கணத்தில் பெயர் உண்டு, தன்மையணி. 12ஆம் நூற்றாண்டு அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் 35 பொருளணிகளை வரிசைப்படுத்தும்போது உவமைக்கும் உருவகத்துக்கும் முன்னால், முதலாவதாக வைப்பது இதைத்தான். எந்த வழி பொருந்தும் என்பது அந்த அப்பா எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்தது, அதை உங்கள் வாக்கியம் இன்னும் எனக்குச் சொல்லவில்லை. கத்திவிட்டு அடுத்த நிமிடமே மறந்துவிடுபவரா, இல்லை நாள்கணக்கில் பேசாமல் இருப்பவரா?